செல்லின் படம் வரைபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி அறிவியல் புத்தகங்களில் செல் பாடத்தை எழுதுபவர்களுக்கும், அதற்குப் படம் போடுபவர்களுக்கும், அதிலிருந்து கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் ஆசிரியை இல்லை, ஆராய்ச்சி செய்பவளும் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இருபது வருடமாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் செல்களை எண்ணுவதுதான் என் பிழைப்பு. இப்போது பெரும்பாலும் இயந்திரமே எண்ணிவிடுகிறது. அதற்குச் சந்தேகம் வந்தால் மட்டும் ஸ்லைடு என் மேஜைக்கு வரும்.

போன மாதம் என் மகளுக்கு அறிவியல் தேர்வு. ஒன்பதாம் வகுப்பு. முந்தின நாள் இரவு விலங்கு செல்லின் படத்தை என் கண் முன்னால் நாலே நிமிடத்தில் வரைந்தாள். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கோல்கை, ரைபோசோம் என்று பன்னிரண்டு பாகம் குறித்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. சும்மா கேட்டு வைத்தேன்.

"சரி, இந்தச் செல் உன் உடம்புல எங்கே இருக்கு?"

"ரத்தத்துல."

"எலும்புல?"

"எலும்புல எப்படிம்மா இருக்கும், அதுதான் கெட்டியா இருக்கே."

இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். உடம்பு என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதற்குள் செல்கள் மிதந்துகொண்டிருக்கின்றன என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உடம்பே செல்களால் கட்டியதுதான், எலும்புக்குள்ளும் குட்டிக் குட்டிக் குழிகளில் உயிருள்ள செல்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பது அவளுக்குப் புதுச் செய்தி. 'செல் என்பது உயிரினங்களின் அமைப்பு மற்றும் செயல் அலகு' என்ற வரியை அதே இரவு மனப்பாடமாகச் சொன்னவள்தான். அந்த வரியும் இந்த எண்ணமும் அவள் தலைக்குள் சண்டை போடாமல் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன.

அவளைத் திட்டவில்லை. அவள் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். அதன் பலன்தான் இந்த மடல்.

முதலில் படத்தின் அளவு. பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு செல், சுமார் 10 சென்டிமீட்டர் அகலம். எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்று எங்கேயும் போடவில்லை. நம் உடம்பின் செல் ஒன்றை 20 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் உங்கள் படம் 5,000 மடங்கு. இந்த ஒரு எண்ணைப் படத்துக்குக் கீழே போட்டிருந்தால் பிள்ளைகள் எத்தனை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்! செல் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான் (ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 5,000 மடங்கு பெரிதாக்கினாலும் 0.04 மில்லிமீட்டர், நீங்கள் போட்டிருக்கும் கோடு அதைப்போல் பத்து மடங்கு தடிமன். ரைபோசோம் பேனா முனையால் வைத்த பொட்டு அளவுகூட இருக்காது, ஆனால் அப்படி லட்சக்கணக்கில் இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த கணக்கு உட்கருவினுடையது. ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் 2 மீட்டர் வரும். உட்கருவோ 6 மைக்ரோமீட்டர் சுமார். உங்கள் படத்தின் அளவுக்கு இரண்டையும் பெரிதாக்கினால், 3 சென்டிமீட்டர் உருண்டைக்குள் 10 கிலோமீட்டர் நூல். சிக்கல் விழாமல், வேண்டிய இடத்தை வேண்டிய நேரத்தில் பிரித்துப் படிக்கும்படி. புத்தகத்தில் அந்த இடத்தில் மூன்று நெளிகோடுகள் இருக்கின்றன.

செல் ஏன் இவ்வளவு சின்னது என்ற கேள்வியும் புத்தகத்தில் இல்லை. குளுக்கோஸ் மாதிரி ஒரு சின்ன மூலக்கூறு தானாகப் பரவி 10 மைக்ரோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஒரு சென்டிமீட்டர் போக வேண்டுமென்றால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். தூரம் ஆயிரம் மடங்கானால் நேரம் பத்து லட்சம் மடங்காகிறது. நெல்லிக்காய் அளவில் ஒரு செல் இருந்தால் அதன் நடுப்பகுதி பட்டினி கிடந்தே செத்துப்போகும். இதைச் சொல்ல நாலு வரிதான் பிடிக்கும்.

அடுத்தது 'ஒரு மாதிரி விலங்கு செல்' என்ற தலைப்பு. நான் அந்தச் செல்லை இருபது வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கிண்டலாகச் சொல்லவில்லை. மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரத்தச் சிவப்பணுக்கள்தான். அதில் உட்கரு கிடையாது. மைட்டோகாண்ட்ரியா கிடையாது. கோல்கையும் கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது எல்லாம் இருக்கும், முதிரும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு, ஹீமோகுளோபின் நிறைந்த, நடுவில் குழிந்த தட்டாக வெளியே வருகிறது. 120 நாள் ஓடும். ஆக, எண்ணிக்கையில் பார்த்தால் நம் செல்களில் பெரும்பாலானவை உங்கள் மாதிரிப் படத்துக்கு வெளியே நிற்கின்றன. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபிலுக்கு உட்கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்து நூலால் கோத்ததுபோல் இருக்கும். எலும்பை அசைக்கும் தசையின் செல்லில் ஒன்றுக்குப் பதில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்புச் செல்லின் இழை ஒரு மீட்டர் நீளம். இவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் ஒரே அளவுகோலில் வரைந்து வைத்துவிட்டு, இவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். சவ்வு என்ற ஒரு விடைக்கு அவர்களே வந்து சேருவார்கள்.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உட்கரு ஊதா, மைட்டோகாண்ட்ரியா ஆரஞ்சு, கோல்கை பச்சை. என் மகள் இவையெல்லாம் நிஜமான நிறம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். சாயம் ஏற்றாத செல் பெரும்பாலும் கண்ணாடித் துண்டு மாதிரிதான் தெரியும். ஊதா எல்லாம் எங்கள் சாயப் புட்டியின் உபயம்.

அதைவிட என்னை உறுத்துவது, உறுப்புகளுக்கு நடுவே நீங்கள் விட்டிருக்கும் வெற்றிடம். இளமஞ்சள் நிறத்தில் அமைதியான குளம் மாதிரி சைட்டோபிளாசம், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுண்ணுறுப்புகள். உண்மையில் அங்கே தள்ளுமுள்ளு. சைட்டோபிளாசத்தின் இடத்தில் கால்வாசி வரை புரதங்களும் மற்ற பெரிய மூலக்கூறுகளுமே அடைத்துக்கொண்டிருக்கின்றன. நடுவே புரத இழைகளால் ஆன சாரம். அந்த இழைகளின் மேல் கைனசின் என்ற புரதம், ஓரடிக்கு 8 நானோமீட்டர் என்று கால் மாற்றி மாற்றி வைத்துச் சரக்குப் பையை இழுத்துப் போகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் அவரை விதை மாதிரி ஓரிடத்தில் கிடப்பதில்லை. நீண்ட குழாய்களாக நெளியும், ஒன்றோடொன்று சேரும், மறுபடி பிரியும். இதையெல்லாம் அசையாத படத்தில் காட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். 'இடம் போதாததால் பெரும்பாலானவற்றை விட்டிருக்கிறோம்' என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போட முடியும் அல்லவா?

இனி பட்டப்பெயர்கள். மைட்டோகாண்ட்ரியா என்றால் 'செல்லின் ஆற்றல் மையம்'. இந்தப் பட்டத்தைப் பரப்பியவர் பிலிப் சீக்கவிட்ஸ், 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில். நல்ல உவமைதான். சிக்கல் என்னவென்றால், பட்டத்தைச் சொன்னதும் மாணவருக்கு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எப்படி? சாப்பாட்டிலிருந்து பிரித்த எலக்ட்ரான்கள் உள்சவ்வில் கை மாறிக் கை மாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. நாம் மூச்சு விடுவதே அந்தக் கடைசிக் கைக்காகத்தான். வழியில் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கம் தள்ளப்பட்டுக் குவிகின்றன. அவை திரும்பி வருகிற வாசலில் ஒரு புரதம் நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல்கூடச் சக்கரமாகச் சுழன்று ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்கிறது, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் நாணயம் அதுதான். அணையில் தேக்கிய தண்ணீர் சுழலியைச் சுற்றுகிறதே, அதே வித்தை. இதைக் கேட்ட பிள்ளைக்கு 'ஆற்றல் மையம்' என்ற பட்டம் தேவைப்படாது.

அப்புறம், சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லையே, அது எப்படிப் பிழைக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். சைட்டோபிளாசத்திலேயே குளுக்கோஸைப் பாதி உடைத்துக் கிடைக்கும் கொஞ்ச ஏடிபியில் குடித்தனம் நடத்துகிறது. சுமந்து போகும் ஆக்சிஜனை அது தன் வேலைக்குத் தொடுவதில்லை.

தாவர செல்லையும் விலங்கு செல்லையும் ஒப்பிட நீங்கள் போட்டிருக்கும் அட்டவணை வேறு ஒரு வம்பு செய்கிறது. தாவரத்துக்குப் பசுங்கணிகம் (வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பச்சை உறுப்பு), விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பாகம் பிரித்துக் கொடுத்ததுபோல் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். என் மகளின் தோழிகள் நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். மண்ணுக்குள் இருட்டில் இருக்கும் வேர், ராத்திரியில் இலை, இவையெல்லாம் எதை வைத்து உயிரோடு இருக்கின்றன? தாவர செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

அதே மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்னொரு கதை இருக்கிறது, புத்தகத்தில் 'தனக்கென டிஎன்ஏ கொண்டது' என்று அரை வரியில் முடித்திருக்கிறீர்கள். ஏன் ஒரு உறுப்புக்குத் தனி டிஎன்ஏ? ஏனென்றால் அது ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. இந்தக் கருத்தை லின் மார்குலிஸ் வலுவாக முன்வைத்த கட்டுரையைப் பல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின, 1967-இல்தான் அச்சேறியது. பாக்டீரியாவுக்கு இருப்பதுபோல் வட்டமான டிஎன்ஏ, அதில் மனிதருக்கு 37 மரபணுக்கள், சொந்த ரைபோசோம், தானே இரண்டாகப் பிரியும் பழக்கம் என்று தடயங்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன. இது கரு முட்டை வழியாக அம்மாவிடமிருந்துதான் வருகிறது. என் மகளின் மைட்டோகாண்ட்ரியா நான் கொடுத்தது, என்னுடையது என் அம்மா கொடுத்தது. இதைச் சொன்னபோதுதான் அன்றைக்கு அவள் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தாள்.

லைசோசோமுக்குத் 'தற்கொலைப் பை' என்ற பெயரை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதன் அன்றாட வேலை பழையதை உடைத்து மறுபடி பயன்படுத்தக் கொடுப்பது. செல் திட்டமிட்டுச் சாவதற்கு, கருவில் விரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு மறைவதற்கு உதாரணமாக, பெரும்பாலும் வேறு புரதங்கள்தான் பொறுப்பு.

சொற்களைப் பற்றி நான் சண்டை போடப் போவதில்லை. செல், உயிரணு, கலம் மூன்றும் நல்ல சொற்கள்தான். ஒரே புத்தகத்தில் மூன்றையும் கலந்தடிக்காமல் இருந்தால் போதும். (செல்லரித்த புத்தகத்துக்கும் இந்தச் செல்லுக்கும் சம்பந்தமில்லை என்று ஆறாம் வகுப்பிலேயே ஒருமுறை சொல்லி வைத்தால் நல்லது. நான் சின்ன வயதில் நிஜமாகவே குழம்பியிருக்கிறேன்.)

சவ்வூடு பரவலுக்கு வருகிறேன், அதாவது உப்பு குறைந்த பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வைத் தாண்டிப் போவது. இதை நான் புத்தகத்தில் படித்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள். ஆனால் புரிந்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில். சிவப்பணு எண்ண ரத்தத்தை நீர்க்க வைக்க வேண்டும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள், நீர்க்காமல் எண்ண முடியாது. சலைன் புட்டிக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த காய்ச்சி வடித்த நீரை எடுத்துக் கலந்துவிட்டேன். கலங்கலாக இருக்க வேண்டிய குழாய் சில நொடியில் கண்ணாடி மாதிரித் தெளிந்து சிவப்பாக நின்றது. நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு செல் இல்லை. அத்தனையும் தண்ணீர் குடித்து வெடித்துவிட்டன. சலைன் என்றால் 0.9 சதவீத உப்பு. அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான உப்புதான் அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், சவ்வூடு பரவல் ஆயுசுக்கும் மறக்காது.

என் தப்பால் யாருக்கும் பிரயோஜனமில்லை. ஆனால் இதே மாதிரித் தப்பு ஒன்று உயிரியலையே நகர்த்தியிருக்கிறது, அதுவும் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயத்தில். 1923-இல் தியோஃபிலஸ் பெயின்டர் மனித செல்லில் 48 குரோமோசோம்கள் (டிஎன்ஏ நூல் சுருட்டிக் கட்டிய பொதிகள்) என்று எண்ணிச் சொன்னார். குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடக்கும், எண்ணுவது பெரும்பாடு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு முப்பது வருடம் பாடநூல்கள் எல்லாம் 48 என்றே அச்சடித்தன. 1952-இல் டி. சி. சூ என்பவரின் ஆய்வுக்கூடத்தில் யாரோ உப்புக்கரைசலை அளவு தவறி நீர்க்கக் கலந்துவிட்டார்கள். செல்கள் ஊதின, குரோமோசோம்கள் அழகாக விலகிப் பரவின. கலக்கியது யார் என்று அவர் எவ்வளவு விசாரித்தும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். (அந்த ஊழியர் மேல் எனக்கு ஒரு தனிப்பாசம்.) அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் சூ எண்ணிக்கையைத் திருத்தவில்லை, 48 என்றே விட்டுவிட்டார். அதே உத்தியைப் பயன்படுத்தி 1955 கடைசியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ எண்ணிப் பார்த்தார். 46. அவரும் ஆல்பர்ட் லெவானும் 1956-இல் வெளியிட்டார்கள்.

முப்பது வருடம் கண் முன்னால் 46 இருந்தும், புத்தகத்தில் 48 என்று இருந்ததால் 48 என்றே தெரிந்திருக்கிறது. செல் பாடத்தில் இந்தக் கதைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்பது என் கோரிக்கை. 'மனிதரின் குரோமோசோம் எண்ணிக்கை 46' என்ற ஒற்றை வரியை விட அது எவ்வளவோ மேல்.

வரலாற்றுப் பகுதியில் ராபர்ட் ஹூக் 1665, ஷ்லைடன் 1838, ஷ்வான் 1839 என்று பெயரும் ஆண்டும் வரிசையாக இருக்கின்றன. ஹூக் பார்த்தது தக்கையில் செத்துப்போன செல்களின் வெற்றுச் சுவர்களைத்தான், ஆனால் அது உங்கள் புத்தகத்தில் இல்லை. ஷ்லைடனும் ஷ்வானும் புதுச் செல் எப்படி உருவாகிறது என்பதில் தவறினார்கள். படிகம் உறைவதுபோல் திரவத்தில் திரண்டு வருவதாக நினைத்தார்கள். செல்லிலிருந்துதான் செல் வரும் என்று அதைத் திருத்தியதில் விர்ச்சோவுக்கு இருக்கும் பேர் ராபர்ட் ரீமாக்குக்கு இல்லை, உங்கள் புத்தகத்திலும் இல்லை.

மடலை எழுதத் தொடங்கியபோது ஒரு பரிந்துரைப் பட்டியல் போடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பழைய நுண்ணோக்கி கொண்டுவந்தேன். வெங்காயத் தோலில் ஊதா நிறம் இருக்கும் பக்கத்தை உரித்து வைத்தால் சாயமே வேண்டாம். அந்த ஊதா, செல்லின் நடுவில் இருக்கும் பெரிய குமிழியில் கரைந்திருக்கும் நிறமி. செங்கல் அடுக்கியதுபோல் வரிசை. என் மகள் கண்ணாடி வில்லையின் ஓரத்தில் உப்புக்கரைசலை ஒரு சொட்டு விட்டு, மறு ஓரத்தில் உறிஞ்சுதாளை வைத்து இழுத்தாள். சில நிமிடத்தில் ஊதா சுருங்கிச் சுவரை விட்டு உள்ளே நகர்ந்தது. செல் சுவரும் செல் சவ்வும் வேறு வேறு என்று அவள் பார்த்தது அப்போதுதான். புத்தகத்தில் இரண்டும் ஒட்டியபடி இரண்டு கோடுகள். நல்ல தண்ணீர் விட்டதும் ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொட்டது. ஒரே ஸ்லைடை நாலு தரம் சுருக்கி விரித்தாள்.

பிறகு வரைந்தாள். பதினைந்து கட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் சுருங்கிய ஊதா, ஓரத்தில் '100 மடங்கு' என்ற குறிப்பு. குறித்த பாகங்கள் இரண்டுதான், சுவரும் சவ்வும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு அம்புக்குறி போட்டு 'இங்கே என்ன இருக்கிறது?' என்று எழுதியிருந்தாள். நான் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: 'உப்புத்தண்ணீர். சுவர் அதைத் தடுக்காது. சவ்வுதான் தடுக்கும்.'

படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் விடைக்குறிப்பை வைத்துத் திருத்திப் பார்த்தேன். ஐந்துக்கு ஒன்று வருகிறது. நீங்களும் ஒருமுறை திருத்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர் ஒருவர்